தகட்டில் எழுதும் வயது

அக்கா,

காலையில் ஆய்வகத்தில் கையுறை எடுக்கப் பையைத் திறந்தேன். அம்மா கொடுத்தனுப்பிய திருநீற்றுப் பொட்டலம் பிரிந்து கொட்டிக் கிடந்தது. பையெல்லாம் ஊர் மாரியம்மன் நோம்பி வாசம். உன் நெற்றியின் வாசம்.

அதைத் தட்டிவிட்டுத்தான் நுண்ணோக்கியில் கண் வைத்தேன். செல்லுக்குள் இருக்கும் உட்கருவின் உள்சுவரை லேமின் என்ற புரதம் வலைபோலத் தாங்குகிறது. நம் வெண்ணந்தூர் வீட்டுத் தறியில் பாவு நூல் விறைப்பாக நிற்குமே, அப்படி. அது தளர்ந்தால் துணி என்னவாகும் என்று உனக்குத் தெரியும். வடிவத்தைக் காப்பது மட்டுமல்ல அதன் வேலை. பல மரபணுக்களை ஓரமாகப் பிடித்து அடக்கி வைப்பதும் அதுதான். உனக்கு அது பிழையாக உருவானது. உட்கரு கசங்கியது. எது பேச வேண்டும், எது அடங்க வேண்டும் என்ற ஒழுங்கு கெட்டது. பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே உனக்கு முடி கொட்டி, தோல் சுருங்கியது. யார் பாவமும் இல்லை, அக்கா. வயதாக ஆக அந்தப் பிழைப் புரதம் எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் உருவாகிறது. உன் காலில் விழுந்தவர்கள் உடம்பிலும்தான்.

உன்னைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பள்ளியில் திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் உன் பக்கத்துச் சீட்டு காலியாகவே வரும். அதே ஆட்கள் மாரியம்மன் நோம்பிக்கு வரிசையில் நின்று உன்னிடம் திருநீறு வாங்கினார்கள். கிழவி உருவில் அம்மனே வந்திருக்கிறாள் என்றார்கள். நீ குடித்த டம்ளரை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள்.

ஒரு நோம்பியில் தறிக்காரர் வீட்டம்மா காலைப் பிடித்தபோது நீ காலை இழுத்துக்கொண்டாய்.

"எந்திரிங்க அத்தை. எனக்குப் பன்னண்டு வயசுதானுங்க."

அவர் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "சாமி வெளையாடுது பாரு."

நீ அதன் பிறகு யாரிடமும் வயது சொல்லவில்லை. அடுத்த நோம்பிக்கு நீ இல்லை.

இந்த வருஷ நோம்பிக்கு ஊருக்குப் போனேன். உனக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கூன் போட்ட கிழவி, கையில் கோல். நீ கோல் பிடித்ததே இல்லை. இது நோய், அவள் குழந்தை என்று அப்பாவிடம் சொன்னேன். படித்துவிட்டு வந்து ஊர்ச் சாமியைக் குறை சொல்கிறாயா என்று கேட்டார். சரி, சிலைக்குக் கீழே வயதையாவது எழுதுங்கள் என்று பெயின்டரிடம் கேட்டேன்.

"சாமிக்கு எதுக்குங்க வயசு?" என்றவர் தூரிகையோடு அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். சுற்றிலும் கூட்டம். நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன், அக்கா. அம்மா நீட்டிய பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டேன்.

இங்கே செல்லை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகட்டில் அதைக் கொடுத்த ஆளின் பெயரை எழுத மாட்டோம். எண்ணும் வயதும் மட்டும். மற்றவர்கள் எண்ணை முதலில் எழுதுகிறார்கள். நான் வயதை எழுதிவிட்டுத்தான் எண்ணுக்குப் போகிறேன். சிலைக்கடியில் எழுதத் துணியாத கை, இதை மட்டும் மறக்காமல் செய்கிறது.