ஐயாயிரம் லிட்டர் தொட்டியின் நான்கு கால்களுக்குக் கீழுள்ள தரையைச் சோதிக்கக் கோரி

அனுப்புநர்:
எ. ஷெர்வின், வயது 16,
வெண்தாமரை அடுக்குமாடிக் குடியிருப்பு,
செம்பாக்கம்.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம், தாம்பரம்.

பொருள்: தண்ணீர்த் தொட்டி நிற்கும் கான்கிரீட் தரையின் வலிமையைச் சோதிக்க வேண்டுதல் – அவசரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கார் நிறுத்துமிடத்துத் தரையில் கடந்த செவ்வாய் மாலை 5.40 மணிக்கு ஒரு விரிசல் பிறந்தது என்பதையும், ஒரு முழ நீளத்துடன் அது நலமாக வளர்ந்து வருகிறது என்பதையும் ஆழ்ந்த பொறுப்புணர்வுடன் அறிவிக்கிறேன்.

1. அன்றுதான் அங்கே நான்கு கால் இரும்புத் தாங்கியும் அதன் மேல் காலித் தொட்டியும் நிறுத்தப்பட்டன. ஞாயிறு காலை தண்ணீர் நிரப்பப் போகிறார்கள். ஐயாயிரம் லிட்டர் என்றால் ஐந்து டன். அதாவது ஒவ்வொரு காலிலும் ஒரு முழுக் கார், தோசைக் கரண்டி அகலத் தகட்டின் மேல். தரையின் கனமோ நான்கே அங்குலம்.

2. சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசன் சார், "பன்னெண்டு கார் நிக்கிற இடம்டா, ஒரு டேங்க் நிக்காதா?" என்கிறார். காரின் எடை நான்கு டயருக்கும் பிரிந்து, ஒரு டயருக்கு முந்நூறு கிலோதான் வரும் ஐயா. அப்பா ஷூவால் என் காலை மிதித்தால் வலிக்கும். அக்கா ஜோவிதா ஹீல்ஸால் மிதித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எடை அப்பாவுக்குத்தான் அதிகம்.

3. தொட்டி சாய்ந்தால் மூன்றடி தூரத்தில் மெஹர் பானு ஆன்ட்டியின் ஜன்னல். என் நண்பன் உமரின் அம்மா. பகல் முழுவதும் அந்த ஜன்னலோரம்தான் தைத்துக்கொண்டிருப்பார்.

4. நான் சொன்னால் எடுபடாது. சென்ற ஏப்ரலில் "லிப்டுக்கு மூன்று நாள் விடுமுறை" என்று சங்க முத்திரையுடன் நோட்டீஸ் ஒட்டியவன் நான்தான். மூன்று நாளும் எல்லோரும் படியேறினார்கள். இப்போது விரிசலைக் காட்டினால், "பென்சில்ல வரைஞ்சியா?" என்று செயலாளர் ஈரத் துணியால் துடைத்துப் பார்க்கிறார். விரிசலும் போகவில்லை, நம்பிக்கையும் வரவில்லை.

5. ஆகவே நானே ஆய்வில் இறங்கினேன். சுத்தியலால் தட்டியதில் மூன்று கால்களருகே 'டக்', ஜன்னல் பக்கக் காலருகே 'டொம்'. அடியில் மண் இல்லை. காதையே கருவியாக்கி இதைக் கண்டறிந்தவன் இவ்வட்டாரத்தில் அடியேன் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிறுக்குள் தாங்கள் நேரில் வந்து தரையைச் சோதித்து, காலுக்குக் கால் தனி அடித்தளம் போடும்வரை தண்ணீர் நிரப்பத் தடை விதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

6. ஐந்தாம் பத்தியில் ஒரு திருத்தம். தட்டியது உண்மை. ஆனால் எங்கே 'டொம்' வரும் என்பது எனக்கு முன்பே தெரியும். தீபாவளி விடுமுறையில், பெருச்சாளி வெளியே ஓடுவதை வீடியோ எடுக்க, அந்த ஓரத்துப் பொந்தில் நானும் உமரும் ஹோஸ் பைப்பைச் சொருகி இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டோம். பெருச்சாளி வரவில்லை. மண்தான் வந்தது, தெருச் சாக்கடை வரைக்கும். உமர் இதில் கையெழுத்திடப் பயப்படுகிறான். ஆனால் நேற்றிலிருந்து, தையல் மெஷினைச் சமையலறைக்கு மாற்றச் சொல்லி அம்மாவிடம் அழுதுகொண்டிருக்கிறான். காரணம் மட்டும் சொல்ல முடியவில்லை. தாங்கள் வந்தால், நான் சொல்லிவிடுகிறேன்.

இடம்: செம்பாக்கம்
நாள்: 14.11.2025

இம்முறை உண்மையுள்ள,
எ. ஷெர்வின்