மஞ்சள் விளக்கு எரியும் நேரம்

வைகாசி 3, காலை 7.20
நான் தவசிமுத்து. இந்த விண்வெளிச் சரக்குக் கப்பலுக்கு ஒரே காவல்காரன். இயந்திரங்கள் சரி. காற்று சரி. தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டேன்.
இதை நானே எழுதுகிறேன்! பூமியிலிருந்து மகள் செல்லக்கனி ரேடியோவில் சொல்லச் சொல்ல, கிழவயதில் கற்ற எழுத்து. முதல் 'ழ' போட்டதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டெடுப்பவர் பொறுமையாகப் படிக்கவும்.
எழுதி முடித்தது 8.45.

வைகாசி 19, மாலை 6.00
கப்பல் தூரம் போகப் போக, கனியின் பதில் தாமதமாகிறது. காலையில் கேட்டால் மாலையில்தான் வரும். ஆனால் பழகிவிட்டது; கேட்டவுடன் வருவது போலவே இருக்கிறது. இன்று வந்தது:
"யப்பா, சோறு பொங்குனீங்களா, இல்ல எழுதுற சோக்குல அடுப்ப மறந்துட்டீங்களா? நாளைக்கு மஞ்சள் விளக்கு எரியும். எரியும்போது பொத்தான அழுத்துங்க, கப்பல் வீட்டுக்குத் திரும்பிரும். முன்னாடியே அழுத்துனா பூட்டிக்கும்."
சோறு கரிந்துவிட்டது. இப்போதுதான் வைத்தேன் என்று நினைத்தேன்.

வைகாசி 20, காலை 10.15
விளக்கு மின்னியது. எழுவதற்குள் அணைந்துவிட்டது. பழுது என்று சொல்லி அனுப்பினேன்.

அதே நாள், இரவு
"விளக்கு கெடலப்பா. பத்து நிமிஷம் எரிஞ்சதா இங்க பதிவாயிருக்கு! என் பதிலுக்குக் காத்துக் காத்து உங்க காது நீண்ட நேரத்துக்குப் பழகிட்டு. கண்ணும் அதுகூடவே போயிட்டு. பத்து நிமிஷம் கண்சிமிட்டலா தெரிஞ்சிருக்கு. எதையாவது வேகமா தட்டி, அந்தச் சத்தத்தையே கேளுங்க. இருபத்துநாலாம் தேதி இன்னொரு தடவ, அதே பத்து நிமிஷம் எரியும். அதுதான் கடைசி. வந்துருங்கப்பா."
குரல் நின்றதும் என் மூச்சுச் சத்தம் மட்டும். எனக்கும் வீட்டுக்கு வரவேண்டும், கனி.

வைகாசி 23
டம்ளரில் கரண்டியால் தட்டுகிறேன். டகடகடக. தூங்கும் நேரம் தவிர எப்போதும். கை வீங்கிவிட்டது. ஆனால் இன்று கொதி வரும்வரை அடுப்பருகே நின்றேன். ஒரு யுகம் போல இருந்தது. குணமாகிவிட்டேன்!

வைகாசி 24
எரிகிறது! தாள் முழுக்க மஞ்சள் வெளிச்சம். பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில். அன்று மின்னல், இன்று அசையாமல் நிற்கிறது. எவ்வளவு நேரம்! அவசரமே இல்லை. கனி, நீ சொன்னது பலித்தது என்று முதலில் எழுதிவைக்கிறேன். எழுத்து அழகாக வருகிறது, பார். இந்த வரி முடிந்ததும் அழுத்திவிட்டு வீட்டுக்கு வரு
தாள் ஏன் வெள்ளையாகி