இன்னும் உருக்கமாக்கித் தரட்டுமா?

நானா,

கல்லூரி அலுவலகத்தில் எங்களுக்கெல்லாம் ஏஐ கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் கடிதம் எழுதித் தரும் மெஷின். பயிற்சி நாளில் நான் முதலில் டைப் செய்தது, "குட் மோர்னிங் சேர், சுகமா இருக்கீங்களா?" பின்னாலிருந்த இளம் விரிவுரையாளர்கள் சிரித்த சிரிப்பில் என் காது சூடாகிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பீர்கள். ஓ.எல். பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன், புதிதாக யார் வந்தாலும் சேர் போட்டே பழகிவிட்டேன்.

அதுவும் பதிலுக்கு என் நலம் விசாரித்தது. அப்போதே எனக்கு அதன்மேல் சந்தேகம். காய்ச்சலே வராத ஒன்றுக்கு என் சுகம் எதற்கு?

பயிற்சி முடிந்த கையோடு, அடுத்த வாரம் உங்களுக்கு அனுதாபக் கூட்டம் என்று அறிவித்தார்கள். உங்கள் மனைவி இத்தாத் துக்கத்தில் வீட்டோடு இருப்பதால் வெளியே வர முடியாது, மகன் வந்து, வாசிக்கும் தாளை வாங்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குப் போவார் என்றார்கள். "பக்கத்து மேசை நீங்கதானே, நீங்களே எழுதுங்க. அதான் மெஷின் இருக்கே" என்றார் அலுவலக மேடம்.

நானா என்று, அண்ணனாகவே கூப்பிட்டுப் பழகிய உங்கள் பெயரையும் வேலையையும் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் ஒரு பக்கம் வந்துவிட்டது. 'மென்மையாகப் பேசுபவர். பொறுமையின் சிகரம்.' கீழே ஒரு கேள்வி: 'இன்னும் உருக்கமாக்கித் தரட்டுமா?' உங்களோடு ஒரு பிளேன்டீ குடிக்காதது, நான் எவ்வளவு அழவேண்டும் என்று என்னிடமே கேட்கிறது.

எந்தக் கடிதத்தையும் நீங்கள் சத்தமாக வாசிக்காமல் வெளியே விட்டதில்லை. ஹந்தானை மலை உச்சிக்கே கேட்கும். "டேய், வாயால வாசிச்சுப் பாருடா. வாய் கூசினா கிழிச்சுப் போடு." பரீட்சைக்கு வரமுடியாமல் போன ஒரு பிள்ளைக்கு நான் எழுதிய பதிலை வாசித்துவிட்டு, "இது மனுசன் எழுதினதா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நான்தான் மெஷின்.

அதனால் வீட்டில் வைத்து வாசித்துப் பார்த்தேன். குசினியிலிருந்து என் மகள் கேட்டாள்:

"பாவம். யாருப்பா மௌத்தானது?"

"நம்ம நானாதான்."

"சும்மா இருங்கப்பா. நானாவாவது, மென்மையாவது."

நீங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தால் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்பவள் அவள்.

கிழித்துப் போட்டேன். காலமெல்லாம் உங்கள் சத்தத்தோடு குடும்பம் நடத்திய மனுசி, யாரோ ஒரு மென்மையான ஆளுக்காக அழக்கூடாது.

பிறகு நானே எழுதினேன். அரைப் பக்கம் தேறியது, அதிலும் பாதி வெட்டும் திருத்தமும். "நானா முதலில் சத்தம் போடுவார், அப்புறம் வேலையைச் செய்து கொடுப்பார்" என்று கூட்டத்தில் வாசித்தபோது, உங்கள் மகன் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முடிந்ததும் வந்து தாளை வாங்கிக்கொண்டார்.

"இத உம்மாக்கு சத்தமாத்தான் வாசிக்கணும், அங்கிள்."

இப்போதும் மெஷின் எழுதுவதையெல்லாம் வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். நிறையக் கிழிக்கிறேன்.

அந்தத் தாளில் கடைசி வரியை மட்டும் கூட்டத்தில் நான் வாசிக்கவில்லை, நானா. அதில் பொய் இல்லை. இருந்தும் வாய் கூசியது, கிழிக்கவும் மனம் வரவில்லை.

'இனி இந்த அலுவலகத்தில் என்னை டேய் என்று கூப்பிட ஆளில்லை.'