மோட்டார்ச் சுருதி

சூடேறிய புரொஜெக்டரில் தூசி கருகும் வாடை இன்று சாயந்தரம் மறுபடியும் மூக்கில் ஏறியது. அதே மண்டபம், அதே மடக்கு நாற்காலிகள், அதே படம். நீங்கள் மட்டும் இல்லை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆனதை முன்னிட்டுக் கலை மன்றத்தார் உங்களைப் பற்றிய டாக்குமெண்டரியை மறுபடி திரையிட்டார்கள். செயலாளர் மேடையேறி, "காலத்தை முந்திய மேதை" என்றார். முதல் தடவை திரையிட்ட அன்றைக்கு இருந்த அதே செயலாளர்தான். எழுந்து வெளியே போயிருப்பேன். முன்வரிசையில் உங்கள் மனைவி உட்கார்ந்திருந்ததால் போகவில்லை.

இங்கிருந்த சினிமா ஸ்டூடியோக்காரர்கள் மெட்ராசுக்கு மூட்டை கட்டியபோது, வாத்தியக் கோஷ்டியில் உங்களோடு வயலின் வாசித்தவர்களும் பின்னாலேயே போனார்கள். நீங்கள் சிங்காநல்லூரிலேயே இருந்துகொண்டீர்கள். பல்லடத்திலிருந்து ஓர் உடைந்த தறிச் சட்டத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, குறுக்கே கம்பிகளைக் கட்டி, வயலின் வில்லால் இழுத்தீர்கள். தம்புராவுக்குப் பதில் பக்கத்துத் தோட்டத்துப் பம்பு செட்டு. மதியம் மோட்டார் ஓடத் தொடங்கியதும் ஜன்னலைத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலோடு கம்பிகளைச் சுருதி சேர்ப்பீர்கள்.

உங்களைப் பற்றி எழுத வந்த முதல் நாள் நான் காதைப் பொத்திக்கொண்டேன். "ஏனுங்க ரிப்போர்ட்டரே, மந்திரி பேசறதப் பொழுதுக்கும் உக்காந்து கேக்கறீங்க. இதக் கொஞ்ச நேரம் கேக்க முடியாதுங்களா?" என்றீர்கள். கேட்டேன். மோட்டாரின் ஒற்றைச் சத்தத்துக்குள் அத்தனை சத்தங்கள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. வில் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியது.

உங்களுக்கு ஆசை என்று இருந்தது ஒன்றுதான். "யாராவது ஒருத்தர் நடுவுல எந்திரிக்காம முழுசாக் கேக்கோணுமுங்க. அது போதும்."

அவிநாசியில் பருத்தி ஜின்னிங் பேக்டரி வைத்திருந்த உங்கள் மைத்துனர்கள் வேறு முடிவில் இருந்தார்கள். அந்தத் தறிக்கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு எங்கள் ஆபீசில் வந்து உட்காருங்கள், இல்லையென்றால் தங்கச்சியை அழைத்துக்கொண்டு போகிறோம் என்றார்கள். "இவரப் பத்திப் படமே எடுத்துட்டுப் போயிருக்காங்கண்ணா. அதப் பாத்துப்போட்டு அப்புறம் பேசுங்க" என்று தவணை வாங்கியவர் உங்கள் மனைவி. படம் எடுத்தவர் பம்பாய்க்காரர். வர்ணனை ஒரு வார்த்தைகூட வைக்கவில்லை. உங்கள் வாசிப்பும் மோட்டாரும் மட்டும்தான் படம் முழுக்க. பிரதியை ரயில் பார்சலில் அனுப்பினார், அவர் வரவில்லை.

இதே மண்டபத்தில் முதல் தடவை படம் ஓட்ட வந்தவர் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். திரையில் நீங்கள் வில்லை எடுத்தீர்கள். ஒலிபெருக்கியில் மோட்டார் ரீங்கரித்தது. உடனே சத்தம் அறுந்தது. அடுத்த நிமிடம் ஏதோ ஒரு வயலின் கீர்த்தனை கேட்டது. திரையில் தறிக்கம்பி, காதில் கச்சேரி. ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடினேன். ஆபரேட்டர் கிராமபோன் பக்கத்தில் மைக்கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சவுண்டு பாக்ஸ் ஹம் அடிக்குதுங்க, வெறும் இரைச்சல். சனம் விசிலடிக்கறதுக்குள்ள தட்டப் போட்டுட்டேன். எங்க டாக்கீஸ்ல இப்படித்தானுங்க சமாளிப்போம்."

"அது ஹம் இல்லீங்க. அதுதான் அவரோட சங்கீதம்."

மனிதர் பதறிப்போய்த் தட்டை எடுக்கக் கை நீட்டினார். அவரை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். ஹம் அடித்தால் தட்டைப் போடுவது அவர் தொழில். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியவர் செயலாளர். "இருக்கட்டும் விடுங்க. சனம் நல்லாத்தான ரசிச்சுட்டு இருக்குது? அந்த உறுமல வேற போட்டு எதுக்குங்க கெடுக்கோணும்?"

தட்டு முடிந்தது. அதையே மறுபடி வைத்தார்கள். மறுபடியும். ஒரே கீர்த்தனை திரும்பத் திரும்ப ஓடியும் அந்த மண்டபத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, இது என்ன என்று. தலையை ஆட்டிக்கொண்டு தாளம் போட்டார்கள்.

விளக்குப் போட்டதும் கைதட்டல். உங்கள் பெரிய மைத்துனர் உங்கள் தோளைத் தட்டினார். "மாப்பிள்ளை, நீங்க இத்தன அருமையா வாசிப்பீங்கன்னு தெரியாமப் போச்சுங்க. இப்படிக் கையில வித்தைய வெச்சுக்கிட்டு எதுக்குங்க ஊட்டுல அந்தக் கட்டைய இழுத்துட்டுக் கெடக்கறீங்க?" உங்கள் மனைவி சிரித்தார். செயலாளர் மாலை போட்டார். நீங்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

வாசலில் உங்களைப் பிடித்துக் கேட்டேன், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. "அவ சிரிச்சுப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க. உங்க பேப்பர்ல இத எழுதிப்போடாதீங்க" என்றீர்கள். நான் எழுதவில்லை. அடுத்த வாரம் வந்தபோது கம்பிகளை அவிழ்த்துச் சுருட்டிப் போட்டிருந்தீர்கள். மச்சான்மார் ஆபீசில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். தோட்டத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு, "காப்பி சாப்பிடறீங்களா?" என்று கேட்டீர்கள். அந்த ஜன்னலுக்காக உங்கள்மேல் எனக்கு வந்த கோபம், நீங்கள் செத்த பிறகும் போகவில்லை.

இன்று சத்தத்தோடு ஓட்டினார்கள். பம்பாய்க்காரருக்கு வெளிநாட்டில் ஏதோ பாராட்டுக் கிடைத்துவிட்டதாம். அதனால் இப்போது உறுமல் சங்கீதமாகிவிட்டது. செயலாளர் கண்ணை மூடி ரசித்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "என்னமா வாசிச்சிருக்காரு பாத்தீங்களா?" என்றார். "அன்னைக்கும் இதேதான் வாசிச்சாருங்க" என்றேன். அவருக்கு ஞாபகம் இல்லையாம்.

உங்கள் மனைவி தனியாக நின்றுகொண்டிருந்தார். ஒன்றையும் ஒளிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். "அன்னைக்கு நீங்க கேட்டது உங்க வீட்டுக்காரர் வாசிச்சது இல்லீங்க" என்று ஆரம்பித்தேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்கண்ணா" என்றார். "எங்கூட்டுச் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? அண்ணனுங்க சந்தோசமா இருந்தாங்க. இவரும் மாலையப் போட்டுட்டு நின்னாரு. அவருக்கு அதுவாவது கெடச்சுதேன்னு நானும் சிரிச்சு வெச்சேன்."

அவரே தொடர்ந்தார். "மத்தியானம் அவரு வில்ல எடுத்தா, நான் அடுப்பத் தணிச்சுப்போட்டுச் சுவரோரமா உக்காந்துக்குவேன். மோட்டார் நிக்கற வரைக்கும் கேப்பேன். ஒரு நாளும் நடுவுல எந்திரிச்சதில்லீங்க."

"அத அவர்கிட்டச் சொல்லியிருக்கீங்களா அம்மணி?"

"இதப் போயி என்னங்க சொல்றது?"

ஒரு சுவர். அந்தப் பக்கம் நீங்கள் யாராவது கேட்கமாட்டார்களா என்று வாசித்தீர்கள். இந்தப் பக்கம் அவர் முழுசாகக் கேட்டார். பிறகு அவர் சிரிப்புக்காக நீங்கள் கம்பியை அவிழ்த்தீர்கள். உங்கள் மாலைக்காக அவர் சிரித்திருக்கிறார். இத்தனை வருடம் செயலாளரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இனி யாரைத் திட்டுவது?

வரும் வழியில் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடியது. எங்கே அந்தச் சத்தம் கேட்டாலும் என் கால் நின்றுவிடும். அது நீங்கள் கொடுத்துவிட்டுப் போனது. வேலியோரம் நின்றேன். யாரோ வந்து மோட்டாரை நிறுத்தும்வரை கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.