ஈரோட்டில் நான் விளக்கிய த்ரஸ்டர்கள்

அன்பு மகள் ரூபினாவுக்கு, கோயம்புத்தூரிலிருந்து அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் அம்மாவும் தம்பி சுஃப்யானும் சுகமாக இருக்கிறோம், ஜெர்மனியில் உன் உடம்பும் மனமும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். போனில் என் முறை வருவதற்குள் அம்மா எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறாள், மிச்சம் இருப்பதைச் சொல்லவும் எனக்குக் கோர்வையாக வருவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் சாட்டிலைட் தன் உயரத்துக்குப் போய்ச் சேரும்வரை வேலையை விட்டு நகர முடியாது, சுஃப்யான் நிக்காஹுக்கு வர முடியாது என்று நீ சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குக் கோபம் அடங்கவில்லை. "அதான் ராக்கெட்டுல ஏத்தி வுட்டாச்சே, இன்னும் என்னங்க போய்ச் சேரலே?" என்று என்னைத்தான் கேட்கிறாள், நான்தான் ஏற்றிவிட்டது போல. ராக்கெட் பாதி உயரத்தில் விட்டுவிடும், மீதியை சாட்டிலைட் தன்னைத் தள்ளும் சின்ன இன்ஜினான த்ரஸ்டரால் சுற்றிச் சுற்றித்தான் ஏற வேண்டும், ரசாயன இன்ஜின் என்றால் சில நாளில் ஏறிவிடும் ஆனால் எரிபொருளே பாதி எடையைத் தின்றுவிடும், மின்சார த்ரஸ்டருக்குக் கொஞ்சம் வாயு போதும் ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்று நீ எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். "சுருக்கா போறதை வைக்கோணும்னு இவளுக்குத் தோணலையாக்கும்" என்றாள். மின்சாரம்தான் என்று கூட்டத்தில் வாதாடி வாங்கியதே நீதான் என்பதை நான் சொல்லவில்லை.

நீ தேதியை மாற்ற வேண்டாம், வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கருகமணியை யார் கட்டுவார்கள் என்று கேட்டாயே, அது எனக்குள் நின்றுவிட்டது. மணப்பெண் கழுத்தில் நாத்தனார் கையால் கருகமணி கட்டுவதுதான் நம் வீட்டு வழக்கம். உன் பெரியம்மா மகள் கட்டட்டும் என்று அம்மா ஏற்பாடு செய்ததும் சுஃப்யான், "அக்கா கட்டலீன்னா யாரு கட்டினா என்னங்கத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். துடைத்த வண்டியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதனால் போன வியாழக்கிழமை அம்மாவிடம் சொல்லாமல் ஈரோட்டுக்குப் போனேன், நம் வீட்டு மருமகளாகப் போகிற ஃபஹீமாவின் தாயார் சாஜிதா பேகத்தைப் பார்த்துத் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பதற்கு. மண்டபம் பேசி, மஞ்சள் மண்டிக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்த குடும்பத்தில் போய் இதைக் கேட்கலாமா கூடாதா என்று பஸ்ஸில் எனக்கு நிச்சயமே இல்லை. அவினாசி தாண்டியதும் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. அப்போது பக்கத்து சீட்டில் நீ சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வருவது ஞாபகம் வந்தது, திருப்பூர் வரைக்கும் ஒரு பலகையையும் விடமாட்டாய், தவறவிட்டால் பஸ்ஸை நிறுத்தச் சொல்வாய். அந்த நினைப்பிலேயே ஈரோடு வந்துவிட்டது.

காரணத்தை முதலில் புரியவைத்துவிட்டுப் பிறகு கேட்பதுதான் முறை என்று நினைத்து டீ குடித்ததும் ஆரம்பித்தேன். வாயுவைச் சுருள் கம்பியாலோ மின்பொறியாலோ சூடாக்கித் தள்ளுவது ஒரு வகை என்றேன். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து, மீதமுள்ள அயனியை நுண்துளைத் தகடுகள் வழியாக மின்னழுத்தத்தால் இழுத்து வெளியே விடுவது அடுத்தது. தகடே இல்லாமல் காந்தப்புலத்தில் எலக்ட்ரான்களை வளையமாகச் சுற்றவிட்டு அயனிகளை விரட்டுவது ஹால் த்ரஸ்டர், உன்னுடையது. டெஃப்லான் கட்டியில் தீப்பொறி பாய்ச்சுவது இன்னொன்று என்றபோது அவர், "தோசைக்கல்லுல பூசுவாங்களே அதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். முகம் வெளுத்திருந்தது. ஆபத்தான வேலை என்று பயப்படுகிறாரோ என்று நினைத்து, உன் த்ரஸ்டரின் விசை உள்ளங்கையில் வைத்த ஒரு தாளின் எடை அளவுதான் என்று இன்னும் விளக்கினேன். வந்தவரிடம் வந்த காரியத்தைக் கேட்பது மரியாதை இல்லை என்று அவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார் போலிருக்கிறது. கடைசியில் கண் கலங்கி, "ஏனுங்க, எம்பொண்ணு வேண்டாமுன்னு சொல்ல வாய் வராமத்தானுங்களா இத்தனையும் பேசறீங்க?" என்றார்.

இல்லைங்க, ரூபினா வந்து கருகமணி கட்ட வேண்டும், தேதியை மட்டும் தள்ளிவைக்க முடியுமா என்று எப்படியோ சொல்லிவிட்டேன். "தேதிதானுங்களா, அதை வந்தவுடனே சொல்றதுக்கென்னங்க, எனக்கு உசுரே போச்சுங்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மண்டபம் கெடைக்கலீன்னா பள்ளிவாசல்ல நிக்காஹ், எங்க ஊட்டு மாடியில பந்தலு. உங்க பொண்ணு வர்ற நாளு தெரிஞ்சாப் போதும்" என்றார். உள்ளேயிருந்து ஃபஹீமா, "இப்ப எவ்வளவு உசரம் போயிருக்குன்னு மட்டும் கேளும்மா" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டும்.

அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். "ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஊரையே சுத்தியிருக்கீங்க" என்று சிரித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்கறி வைத்தாள்.

சோதனையில் உன் த்ரஸ்டர் நீலமாக எரிகிற படத்தை அனுப்பியிருந்தாயே, அதை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலை பார்த்த காலேஜின் பிசிக்ஸ் லேபைத் திறந்தால் நீயும் கூடவே வந்து, ஜன்னல் திரைகளையெல்லாம் நீயே இழுத்து மூடிவிட்டு டிஸ்சார்ஜ் குழாய் முன்னால் நிற்பாய். பம்பு இரைய இரையக் குழாய்க்குள் ஊதா வெளிச்சம் நீண்டுகொண்டே போகும். நான் அழுத்தத்தையும் மின்னழுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன், நீ அந்த நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாய். இப்போதெல்லாம் அந்த லேபில் என்ன இருக்கிறதோ தெரியாது. அந்த மத்தியானங்கள் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. வெள்ளிக்கிழமைதோறும் சாட்டிலைட் எவ்வளவு உயரம் என்று ஒரு வரி அனுப்பு, ஈரோட்டிலும் கேட்கிறார்கள். முக்கியமாக ஒன்று, இது நான் சொல்லக்கூடியதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சீக்கிரம் வரவேண்டுமென்று அதை அளவுக்கு மீறி ஓட்டிவிடாதே கண்ணு. அது போகிற வேகத்தில் போகட்டும். இரண்டு வீட்டிலும் யாருக்கும் அவசரமில்லை.

உன் கைக்கும் கண்ணுக்கும் இறைவன் பரக்கத் செய்வானாக.

உன் நலம் நாடும் அத்தா,
கலீல் ரஹ்மான்