கண்ணைக் கட்டிக்கொண்டு ஜெயித்தது

ஜூன் 3, திங்கள்
மாற்றுத்திறன் மாணவர்களோடும் சக ஊழியர்களோடும் எப்படி நடந்துகொள்வது என்று கல்லூரி ஊழியர் அத்தனை பேருக்கும் பயிற்சியாம். வேதியியல் ஆய்வகமே என் தோளில்தான் நிற்கிறது, எனக்கெதற்குப் பயிற்சி? முதல்வரே கெஞ்சியதால் ஒப்புக்கொண்டேன். சுற்றறிக்கையில் அப்படித்தான் தொனித்தது.

ஜூன் 4
இன்றும் பின்பக்க மாடிப்படியில் கடைசிப் படி தெரியவில்லை. கையில் அமிலப் புட்டி. சுவரைத் தடவிச் சமாளித்தேன். பக்கப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, திரும்பாது என்று கண் டாக்டர் சொன்னது வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். கல்லூரிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகளுக்குப் படிப்பு முடியவில்லை.

"நாளைக்குப் பயிற்சியில வாயை மூடிக்கிட்டு ஓரமா உக்காந்துட்டு வாங்க, போதும்" என்றாள் வீட்டுக்காரி.

நான் எப்போது வாயைத் திறந்திருக்கிறேன்?

ஜூன் 5
காரியம் கெட்டது. வாய் இல்லை, கால்தான் கெடுத்தது.

பயிற்சி கொடுக்க வந்த அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். கண்ணைக் கட்டிக்கொண்டு நடைகூடத்தைக் கடக்கச் சொன்னார். நூலகர் சுவரைக் கட்டிப்பிடித்தார். கணக்கு வாத்தியார் தூணில் முட்டி, நெற்றியைத் தேய்த்தபடி, "நீங்களும் வந்து முட்டுங்கண்ணே" என்றார். விடுவேனா? புறங்கையால் சுவரைத் தொட்டு, காலால் தரையைத் துழாவி, ராஜநடை. ஒரே கைதட்டல்.

அந்த அம்மா மெதுவாகத்தான் கேட்டார்: "பழகின நடையா இருக்கே. எவ்வளவு நாளா?"

கண்கட்டை அவிழ்த்தபடி சொன்னேன்: "சின்ன வயசுல சர்க்கஸ்ல இருந்தேம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 6
அவர் முதல்வர் அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். சொல்லிவிடுவாரா? சொல்லியிருப்பார் — ஏன்டா நடந்தே? ஒரு முட்டு முட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே.

ஜூன் 7
அந்த அம்மா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். சொல்லவில்லையாம்.

"அது நீங்க சொல்ல வேண்டியது. கண்ணைக் காரணம் காட்டி அனுப்பக் கூடாதுன்னு விதி இருக்கு. என்ன வேணும்னு கேளுங்க. அதுவரைக்கும் புட்டியோட படி இறங்காதீங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்றேன். அவர் போன பிறகு புட்டியை மேசையிலேயே வைத்துவிட்டுப் படி இறங்கினேன்.

வீட்டுக்காரி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சர்க்கஸ்காரரே, திங்கக்கிழமை முதல்வரைப் பாக்கறோம். நானும் வரேன்."

ஜூன் 10
போனோம். நான் இருமினேன். அவள் சொன்னாள். முதல்வர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 24
படி விளிம்பெல்லாம் மஞ்சள் பட்டை, பின்படியில் விளக்கு. நான் சொல்லித்தான் போட்டார்கள். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புட்டிகளை வேறொருவர் சுமக்கிறார். மேசையில் கரைசல் கலப்பது என் பொறுப்பு.

சாயங்காலம் இறங்கும்போது கணக்கு வாத்தியார், "படிண்ணே" என்று முழங்கையை நீட்டுகிறார். பாவம், ஏற்கெனவே தூணில் முட்டியவர். தனியாக விடக்கூடாதென்று பிடித்துக்கொள்கிறேன்.