எந்தக் காரம்?

அப்பாவுக்கு,

இப்போதுதான் மூச்சிளைப்பு தணிந்து கண்ணயர்ந்தீர்கள். எழுப்ப மனமில்லை. பெரிய சட்டியில் மிளகாய் போடாத குழம்பு இருக்கிறது, சின்னச் சட்டியில் போட்டது. எதைச் சாப்பிடச் சொல்வதென்று எனக்கே தெரியாததால் இரண்டும் வைத்தேன்.

நேற்று நீங்கள் தட்டைத் தள்ளிவிட்டு, "ஆறு மாசமாக் காரமில்லாமத் திங்கறேன், இளைப்பு நின்னுச்சா சாமி? இதைக் கொண்டுபோயி மாட்டுக்கு வை" என்றீர்கள். நான் கோபத்தில் எழுந்து போனேன். பிறகு என் நோட்டைப் புரட்டினேன். ராசிபுரத்து டாக்டர் சொன்னதை அன்றே எழுதி வைத்திருந்தேன்: "இனிமேல் காரத்துகிட்டயே போகாதீங்க."

நாம் மிளகாயை நிறுத்தினோம். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் உங்கள் வெந்துபோன விரல்களைப் பார்த்தார் என்றும் எழுதியிருக்கிறேன். நூலுக்குச் சாயம் போட நீங்கள் தொட்டியில் தினமும் கரைக்கும் காஸ்டிக் சோடாவும் காரம்தானே? எந்தக் காரம் என்று அன்றே கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

ராமாயி அத்தையோடு ராசிபுரம் போகிறேன். நான் திரும்பும்வரை தொட்டிப் பக்கம் போகாதீர்கள்.

பாவாயி

தொட்டியை விட்டால் பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் முன்னால் பேச்சு வராவிட்டால் நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டிவிடுவேன். பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகும் நான் நோட்டு எழுதுவது உங்களுக்குத் தெரியாது. வந்ததும் திட்டுங்கள்.